குண்டு போடாத வண்டுகள்

கடியப்பட்டணம்
11 ஜூன் 2009

லீமா,

நலம் கேட்கும் வரியை இந்த முறை விட்டுவிடுகிறேன். சலாலாவில் ஏசி ஓடும் வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் நீ நடுவில் புகுந்து பேசுவாய். காகிதத்தில் அது நடக்காது. கடைசி வரை படித்தே ஆக வேண்டும்.

உன் மாப்பிள்ளை சத்தியராஜ் ஒரு கள்ளன். பதினெட்டு வருடம் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமைதான் அது எனக்கு நிரூபணமானது. நான் இயற்பியல் வாத்தியார். சோதித்துப் பார்க்காமல் எதையும் சொல்கிறவன் இல்லை. கேள்.

திங்கள்சந்தையில் சைக்கிள் கடை மாடியில் நான் நடத்திய வீடியோ கேம் கடையை மறந்திருக்க மாட்டாய். அங்கிருந்த மூன்று பெட்டிகளில் இரண்டு இரும்புக் கடைக்குப் போய்விட்டன. நாம் 'வண்டு' என்று சொன்ன பெட்டி மட்டும் இப்போதும் என் வீட்டு முன்னறையில் நிற்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினம் ஒரு ஆட்டம் ஆடுவேன். மேலிருந்து வண்டுகள் வரிசை கட்டி இறங்கிக் குண்டு போடும். கீழே நம் கப்பல் இடமும் வலமும் ஓடித் தப்பிக்கொண்டே சுடும். வேறு ஒன்றும் இல்லை அதில். ஆனால் அதில் பொய் இல்லை என்று நம்பியிருந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து ஆடிக்கொண்டிருந்தேன். முதல் கட்டத்தில் எல்லா வண்டுகளையும் சுட்டாகிவிட்டது. இடது ஓரத்தில் இரண்டு மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்துச் சுடும் பட்டன் அமுங்கி, எழும்பாமல் நின்றுவிட்டது. உப்புக்காற்று உள்ளே போய்த் தகட்டைத் தின்றிருக்கிறது. கப்பலைச் சாகவிட எனக்கு மனமில்லை. ஒரு கையால் கம்பை ஆட்டிக் குண்டுக்குத் தப்பிக்கொண்டே கிரேசியைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, ஸ்குரூ டிரைவரை எடுத்துட்டு வா."

"மீனு அடுப்பில கெடக்கு."

"மீனு கெடக்கட்டுட்டி. இஞ்ச உயிரு போவுது."

"யாருக்க உயிரு, அந்தப் பெட்டிக்கா? என்னக் கெட்டுனதுக்கு நீரு அதையே கெட்டியிருக்கலாம்."

திட்டிக்கொண்டேதான் வந்தாள். பலகையைக் கழற்றி, உப்புத்தாளால் தகட்டைத் தேய்த்து, பட்டனை எழுப்பி முடிக்க இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் நான் சுடவில்லை, தப்பிக்கொண்டே இருந்தேன். பதினாறாவது நிமிடம் வாக்கில் அந்த இரண்டு வண்டுகளும் குண்டு போடுவதை நிறுத்திவிட்டன. சும்மா இறங்கும், சும்மா போகும். பட்டன் சரியானதும் இரண்டையும் சுட்டேன். அடுத்த கட்டம் வந்தது. குண்டு இல்லை. அதற்கடுத்த கட்டம், அதற்கும் அடுத்தது, எதிலும் ஒரு குண்டுகூட விழவில்லை. பெட்டியைச் செய்தவன் கணக்கில் எங்கோ ஓட்டை விட்டிருக்கிறான். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கைக்கடிகாரம் வைத்துச் சோதித்தேன். மூன்று நாளும் அதே முடிவு.

இனி உனக்குத் தெரியாத ஒன்று. 1991 பிப்ரவரி 17, தவக்காலத்தின் முதல் ஞாயிறு. கடையில் பெட்டி ரிப்பேர் பார்க்க வந்துகொண்டிருந்த கருங்கல் ஊர்க்காரன் சத்தியராஜ், பாலிடெக்னிக் படித்தவன், நம்மைப்போல் கத்தோலிக்கன் இல்லை, சிஎஸ்ஐக்காரன், என்னிடம் வந்து உன்னைக் கேட்டான். அப்பா இல்லாத வீட்டில் பதில் சொல்ல வேண்டியவன் நான். அந்தப் பெட்டியில் என் ஸ்கோர் 3,86,420. குமரி மாவட்டத்தில் அதைத் தாண்டியவன் கிடையாது. "எனக்க கண்ணு முன்னால அதைத் தாண்டிக் காட்டும். தாண்டினா பொண்ணு ஒமக்கு. தாண்டல்லேன்னா அவளுக்க பேரையே எடுக்கப்பிடாது" என்றேன். கை கொடுத்தான்.

முதல் கட்டத்தில் இடது ஓரத்து இரண்டு வண்டுகளை மட்டும் விட்டுவைத்துக் கால் மணி நேரம் சுடாமல் நின்றான்.

"என்ன வேய், சுடாம நிக்கேரு?"

"கை பதறுது அளியா. கொஞ்சம் நிதானிக்கட்டு."

அப்போதே மச்சினன் முறை கொண்டாடி அளியன் ஆகிவிட்டான் பார். பதறுகிறானே என்று நான் இரக்கப்பட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து 3,91,050. நான் வாக்கு மாறவில்லை. கல்யாணத்துக்குக் கோவிலில் வந்து நின்றேன், சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கையெழுத்தைக் களவில் வாங்கியிருக்கிறான். இந்தக் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டு. அவன் முகத்தைப் பார். பிறகு எனக்கு எழுது.

யூஜின்


சலாலா
30 ஜூன் 2009

அண்ணனுக்கு,

லீவு முடிந்து ஊரிலிருந்து வந்த தங்கபாய் அக்கா உன் கடிதத்தைத் தந்துவிட்டுப் போகாமல் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் முன்னால் பிரித்தது என் தப்பு. படித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் மரிச்சுப் போச்சா மக்கா?"

"இல்ல அக்கா. எல்லாரும் உயிரோடதான் இருக்காவ."

"பின்னே எதுக்கு இப்பிடி இருக்க?"

என்ன சொல்வேன் அவளிடம். என்னை ஒரு பெட்டி முன்னால் வைத்து ஆடியிருக்கிறார்கள் என்றா?

நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய் அண்ணா. பட்டன் எப்படி அமுங்கியது, உப்புத்தாளால் எத்தனை நிமிடம் தேய்த்தாய், எந்தக் கட்டத்தில் எது நின்றது என்று எல்லாம் இருக்கிறது. நான் எங்கே இருக்கிறேன் என்று தேடினேன். 'தாண்டினா பொண்ணு ஒமக்கு' என்ற இடத்தில் இருக்கிறேன். அவ்வளவுதான் நான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. நர்சிங் முடித்து நாகர்கோவிலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவரைப் பிடிக்கும் என்று அம்மாவிடம் நானே சொன்னேன். அம்மா உன்னிடம் சொன்னதாகவும் நீ யோசித்துச் சரி என்றதாகவும்தான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இங்கே என்னோடு வேலை பார்க்கிற பிள்ளைகள் வீட்டில் பட்ட பாட்டைச் சொல்லும்போதெல்லாம் நான் பெருமையாகச் சொல்வேன். "எங்க அண்ணன் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லல்ல. கடற்கரையில எல்லாவனும் சொன்னான். அண்ணன் சொல்லல்ல." அபினாவுக்கும் அதைச் சொல்லித்தான் வளர்த்திருக்கிறேன். எதற்கெடுத்தாலும் கோபப்படுகிற மாமாவை அவளுக்குப் பிடிக்க அந்த ஒன்றுதான் காரணம்.

மூன்று தடவை போன் போட்டேன். கிரேசி மைனி எடுத்து, "பேச மாட்டேன்னு சொல்லுகாரு மக்கா, பெட்டிக்கு முன்னால இருக்காரு" என்றார்கள். சரி, எழுதியே கேட்கிறேன்.

அவர் அன்றைக்குத் தோற்றிருந்தால் என்னிடம் என்ன சொல்லியிருப்பாய்?

இவரிடம் இன்னும் நான் கேட்கவில்லை. கடிதத்தை என் யூனிபார்ம் பைக்குள் வைத்திருக்கிறேன். முதலில் நீ பதில் சொல்.

லீமா


கடியப்பட்டணம்
19 ஜூலை 2009

லீமா,

கள்ளனைப் பிடித்துக் கொடுத்தவனைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறாய். நன்றாக இருக்கிறது.

தோற்றிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று கேட்கிறாய். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். அவன் வருவதை நிறுத்தியிருப்பான். ஒரு மாதம் அழுதிருப்பாய். அடுத்த வருடம் முட்டத்திலோ குளச்சலிலோ ஒரு மாப்பிள்ளை பார்த்திருப்பேன். நம் ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டுச் செய்திருக்கிறார்கள்? அண்ணன்மார் கைகால் கழுவிக்கொண்டு போய்ப் பேசி முடித்துவிட்டு வருவார்கள். நான் அதைக்கூடச் செய்யவில்லை. அவனுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தேன். எல்லோருக்கும் ஒரே விதி, ஒரே பெட்டி, ஒரே டோக்கன். அதைவிட நியாயமாக எந்த அண்ணன் நடந்திருக்கிறான் என்று சொல்.

நீ கல்யாணம் முடித்து இரண்டு வருடத்தில் விமானம் ஏறிவிட்டாய். இங்கே இருந்தவன் நான். முடிவெட்டப் போன இடத்தில் செல்வதாஸ் எல்லோரும் கேட்கச் சத்தமாகக் கேட்டான். "ஏலே யூஜின், தங்கச்சிக்கு நம்ம ஊருல ஒருத்தனும் கெடைக்கல்லியா? கடலு தெரியாத மேட்டுக்காரனுக்குக் கொண்டு குடுத்திருக்க. வள்ளத்துல போறவனுக்கு என்ன கொறச்சல்? நாறுதா?" பாதி முடி வெட்டிய தலையோடு எழுந்து வந்தேன். மீதியைக் கிரேசிதான் வெட்டினாள். ஊர்க் கமிட்டியில் என் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஒரு இருமல் வரும். வீடியோ கேம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பிரசங்கத்தில் சொன்னார்கள். கடை படுத்துப்போனது. எம்.எஸ்சி. முதல் வகுப்பில் தேறியவனுக்கு முப்பத்தாறு வயதில்தான் வாத்தியார் வேலை கிடைத்தது. இதெல்லாம் உன் ஏசி அறைக்குள் வராது.

இவ்வளவையும் எதை வைத்துத் தாங்கினேன் என்று நினைக்கிறாய்? ஒன்றே ஒன்றை வைத்துத்தான். ஒருத்தன் என் கண் முன்னால் என்னைவிட நன்றாக ஆடினான், நான் வாக்குக் கொடுத்திருந்தேன், காப்பாற்றினேன். தோற்றவனுக்கும் ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதையைத்தான் உன் மாப்பிள்ளை களவாண்டிருக்கிறான்.

எனக்கு வேண்டியது இது. 17-02-1991 அன்று தான் செய்தது கள்ள ஆட்டம் என்று சத்தியராஜ் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். தேதியும் ஸ்கோரும் அதில் இருக்க வேண்டும். மன்னிப்பு எனக்குத் தேவையில்லை. அது வரும்வரை அவன் இந்த வீட்டு நடையில் கால் வைக்கக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னீர்களாம். நீயும் அபினாவும் வாருங்கள். அவன் கருங்கல்லோடு நிற்கட்டும்.

நீ இன்னும் அவனிடம் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். எதற்குப் பயப்படுகிறாய்? ஆமாம் என்று சொல்லிவிடுவான் என்றா?

யூஜின்


சலாலா
9 ஆகஸ்ட் 2009

அண்ணனுக்கு,

கேட்டுவிட்டேன். நீ எழுதுகிற மாதிரியே ஒழுங்காக எழுதுகிறேன், நேரம் உட்பட.

வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணி. இவர் அடுக்களையில் நெத்தோலி ஆய்ந்துகொண்டிருந்தார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

"வண்டு கேம் ஞாபகம் இருக்கா?" என்றேன்.

முகமெல்லாம் சிரிப்பு. "பின்னே! ஒனக்க அண்ணனுக்க ஸ்கோரத் தாண்டினவன்லா நான்."

"என்ன வச்சு ஆடினிய?"

கை நின்றுவிட்டது.

"யாரு சொன்னா?"

"ஆடினவரு."

"பதினெட்டு வருசத்துக்குப் பொறவா? அவருக்கு வேற சோலி இல்லியா?"

"என்ன வச்சு ஆடினிய?"

"லீமா, அவரு கேட்டாரு, நான் கை குடுத்தேன். அந்த வயசுல வேற என்ன செய்ய?"

"தோத்திருந்தா?"

"தோக்கப்பிடாதுன்னுதானே ஒங்கிட்ட அதப் படிச்சேன்."

அண்ணா, நீ உப்புத்தாளோடு கண்டுபிடித்தாயே, அதைக் கண்டுபிடித்தது நான். நீ மத்தியானம் சாப்பிடப் போகும்போது லீவு நாட்களில் என்னைக் கடையில் இருத்திவிட்டுப் போவாய். எனக்கு ஒரு டோக்கன்தான் தருவாய். எண்ணி வைத்துவிட்டுப் போவாய், திரும்பி வந்து எண்ணுவாய். நீ வர ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒரு டோக்கனை வைத்து ஒன்றரை மணி நேரத்தை நான் எப்படிக் கழிப்பது? சுட்டால் ஆட்டம் வளரும், வளர்ந்தால் சாவேன். அதனால் கடைசி இரண்டு வண்டுகளைச் சுடாமல் விட்டுவைத்து அவற்றோடு அங்கும் இங்கும் நடந்துகொண்டிருப்பேன். அவை குண்டு போடுவதை நிறுத்தின நாள் பெட்டி கெட்டுப்போனது என்று பயந்து, உன்னிடம் சொல்லவில்லை. மறுநாளும் அதேபோல நின்றது. பிறகு பயம் போய்விட்டது.

இவரிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லிக் கொடு என்றார். மூன்று மத்தியானம் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார். தோள் தொடுகிற தூரம். வாட்சைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நீ வந்துவிடுவாயோ என்று பயப்படுகிறார், நேரம் போகிறதே என்று வருத்தப்படுகிறார் என்று நினைத்து நான் அப்படியே உருகிப்போய்விட்டேன். இவர் நிமிடம் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

எதற்காகப் படிக்கிறார் என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. நான் சொல்லிக் கொடுத்ததை வைத்து என்னையே ஜெயித்துக்கொண்டு போயிருக்கிறார். அதையும் கேட்டேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ போய் ஒனக்க அண்ணன்கிட்ட சண்ட போடுவ. பொறவு எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"சண்ட போட்டிருப்பேன். போட விட்டிருக்கணும்."

"சரி. தப்புதான்."

"படிச்ச பொறவும் தோத்திருந்தா என்ன செய்திருப்பிய? அவருக்குக் குடுத்த வாக்குன்னு பேசாம போயிருப்பியளா?"

நான் எதிர்பார்த்த பதில் ஒன்று இருந்தது. இவர் அதைச் சொல்லவில்லை. "தெரியல்ல" என்றார். பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து இவருக்கு நேர்மை வந்துவிட்டது.

இரண்டு நாளாக நான் இவரிடம் நேரில் பேசவில்லை. அபினாவின் அறையில் படுக்கிறேன். சோறு இருக்கிறது, சட்டை காய்ந்துவிட்டது என்று எல்லாம் அவள் வழியாகத்தான் போகிறது. "எனக்கு இந்த வருசம் பிளஸ் டூம்மா. இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?" என்று கேட்கிறாள். அவளிடமும் சொல்லிவிட்டேன். மாமா எதிர்த்துச் சொல்லாத கதையை நான் திருத்த வேண்டியிருந்தது. அவள் கம்ப்யூட்டரில் அந்த ஆட்டத்தைத் தேடி எடுத்து, "இதா?" என்று காட்டினாள். அதே வண்டுகள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நீ கேட்ட எழுத்து வராது. நான் எழுதவிட மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன். இவர் செய்தது களவுதான். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் அன்றைக்குச் செய்த காரியங்களில் எனக்காகச் செய்தது அந்தக் களவு ஒன்றுதான். இவருக்குத் தோற்க மனமில்லை, அதனால் கள்ள ஆட்டம் ஆடினார். உனக்கு எது நடந்தாலும் சரி. விதி சரியாக இருந்தால் போதும் உனக்கு. நான் முட்டத்துக்குப் போனால் என்ன, கருங்கல்லுக்குப் போனால் என்ன.

இவரோடு நான் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வேன். எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது. உன்னோடு எப்படித் தீர்ப்பது என்றுதான் தெரியவில்லை.

ஒன்று மட்டும் எனக்குக் கணக்கில் வரவில்லை. இரண்டு மணி நேரம் இவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறாய். ஒரு குண்டுகூட விழவில்லை. அந்தப் பெட்டியின் ஒவ்வொரு சத்தமும் உனக்குத் தெரியும். அடுத்த அறையில் இருந்துகொண்டே, யாருடைய கப்பல் எந்தக் குண்டில் செத்தது என்று சொல்வாய். நான் ஒரு டோக்கன் கூடுதலாகப் போட்டால் பிடித்துவிடுவாய். அன்றைக்கு நீ பார்க்கவில்லையா?

இதற்கு மட்டும் பதில் எழுது. செல்வதாஸ் சொன்னது, கமிட்டி சொன்னது எதுவும் வேண்டாம்.

லீமா


கடியப்பட்டணம்
6 செப்டம்பர் 2009

லீமா,

பார்த்தேன்.

மூன்றாவது கட்டத்திலேயே பார்த்தேன். வண்டுகள் இறங்கும்போது வருகிற இரைச்சல் மட்டும் இருந்தது, குண்டு இல்லை. ஐந்தாவது கட்டத்தில் சந்தேகமே இல்லாமல் தெரிந்துவிட்டது. பெட்டி பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். முந்தின வாரம்தான் மழைத் தண்ணீர் சுவரில் இறங்கியிருந்தது. உள்ளே ஈரம் ஏறியிருக்கும், எங்கோ ஒரு இணைப்பு போயிருக்கும் என்று முடிவு செய்தேன். அவன் திட்டமிட்டுச் செய்கிறான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவன் கை உண்மையிலேயே நடுங்கிக்கொண்டிருந்தது.

பெட்டி சரியில்லை, ஆட்டம் செல்லாது, நாளைக்கு வாரும் என்று நான் ஒரு வரி சொன்னால் போதும். அவனால் மறுத்துப் பேச முடியாது. ரிப்பேர்காரனே அவன்தான். நேராக ஆடினால் இரண்டு லட்சம் தாண்ட மாட்டான், அது எனக்கும் தெரியும். அந்த வரியை வாயில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றேன். சொல்லவில்லை.

ஏன் என்று கேட்பாய். நீ அம்மாவிடம் சொன்னதை அம்மா என்னிடம் முந்தின நாளே சொல்லிவிட்டாள். "அவ ஒரு வாரமாட்டு ஒழுங்காச் சோறு திங்கல்ல. நீ என்னமும் செய்யி, பிள்ள பட்டினி கெடக்கப்பிடாது" என்றாள். சரி என்று என் வாயால் சொல்ல எனக்கு முடியவில்லை. சொல்லியிருந்தால் மேட்டுக்காரனுக்கு மனதறிந்து கொடுத்தவன் நான் என்று ஆகும். முடியாது என்று சொல்லவும் முடியவில்லை. அதனால்தான் ஆட்டம் என்றேன். அவன் தோற்பான், பழி ஆட்டத்தின் மேல் போகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பெட்டி பழுதானதும் கணக்கு மாறியது. ஜெயிக்கட்டும் என்று விட்டேன். தோற்றேன் என்று ஊரில் சொல்லிக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது.

அன்று அவன் போன பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஈரமும் இல்லை, இணைப்பும் போகவில்லை. திரும்ப மூடி வைத்துவிட்டேன். அதற்குமேல் நான் எதையும் யோசிக்க விரும்பவில்லை.

இந்த நாற்பத்தேழு வயதில் நான் யாருக்காவது எதையாவது கொடுத்தேன் என்றால் அந்த இரண்டு மணி நேரம் வாய் திறக்காமல் நின்றதைத்தான் சொல்வேன். கிரேசிக்குக்கூடத் தெரியாது. செல்வதாஸ் கேட்டபோதும் கமிட்டிக்காரன் இருமியபோதும் அதை நினைத்துக்கொள்வேன். என் தங்கைக்கு நான் கொடுத்தது, உங்களுக்கெல்லாம் என்ன தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். நீ அங்கே என்னைப் பற்றிப் பெருமை பேசினாய் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்தபோது, ஆமாம், அது உண்மைதானே என்று இருந்தது எனக்கு.

ஜூன் மாதம் பட்டன் அமுங்கிய அன்று அது போய்விட்டது. பழுது இல்லை, சூழ்ச்சி. நான் கொடுக்காவிட்டாலும் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். இப்போது நீ சொல்லிக்கொடுத்த சூழ்ச்சி என்றும் தெரிகிறது. என் கையில் ஒன்றும் இல்லை. கோபம் எனக்கு அதில்தான். நீங்கள் இருவரும் சேர்ந்து என்னை ஏமாற்றியதுகூடப் போகட்டும், நான் நல்லவனாக இருந்த ஒரே ஒரு பகல் பொழுதைக் களவாண்டுவிட்டீர்கள். இதை எழுதும்போதும் கோபம்தான் வருகிறது. சத்தியராஜைப் பற்றிச் சொன்ன எதையும் நான் திரும்பப் பெறப் போவதில்லை. எழுத்து வேண்டாம் என்று மட்டும் விட்டுவிடுகிறேன். அவன் எழுதினால் நானும் ஒன்று எழுத வேண்டியிருக்கும்.

ஒரு டோக்கன் விஷயத்தை நேற்றைக்குக் கிரேசியிடம் சொன்னேன். "தங்கச்சிக்கு ரெண்டு டோக்கன் குடுத்திருந்தா இந்த வினையே இல்ல" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன்னோடு எப்படித் தீர்ப்பது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கும் தெரியவில்லை. அவன் தோற்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று நீ முதலில் கேட்டதற்கு நான் திமிராகப் பதில் எழுதினேன். அந்தப் பதிலில் பொய் இல்லை என்பதுதான் அதில் மோசமான விஷயம். அம்மா என்னைக் கேட்டாள், அவன் என்னைக் கேட்டான், பங்குச் சாமியார் என்னைக் கேட்டார். கோவிலில் வைத்து உன்னையும் கேட்டார்கள், சரிதான். அங்கே நிற்கிற பெண்ணுக்கு ஆமாம் என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும். வீட்டில் வைத்துக் கேட்டிருக்க வேண்டியவன் நான். கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. சிரிக்காதே. கருங்கல் சத்தியராஜ் உன்னைக் கட்டித் தரக் கேட்கிறான். சிஎஸ்ஐக்காரன், பாலிடெக்னிக் படித்தவன், ஆட்டத்தில் கள்ளன். உனக்குச் சம்மதமா?

யூஜின்


சலாலா
2 அக்டோபர் 2009

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். அடுக்களை வாசலில் நின்றுகொண்டு இவரும் போன வாரம் ஏறக்குறைய இதையேதான் கேட்டார்.

இவரிடம் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். யோசித்துச் சொல்கிறேன். அவசரப்படுத்த வேண்டாம்.

லீமா